வசவுக்குள் இருந்த குப்பாயி

"எங்க ஊட்டுக் குறியையும் கொடத்துல போடுங்க, பெரியப்பா."

சொல்லிவிட்டாள். 'இதை மட்டும் கேக்காதடி, செத்தாலும் கேக்காத' என்று அம்மா மூன்று நாளாகப் படித்துப் படித்துச் சொன்ன வார்த்தையை, குணசுந்தரி ஊர் கூடிய இடத்தில், கங்கையம்மன் கோயில் வாசலில், எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள்.

மணலில் உட்கார்ந்திருந்த முப்பது தலைப்பாகைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. தள்ளி, பனைமரத்துப் பக்கம் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி குணசுந்தரியின் அம்மா குப்பம்மாள். அவள் கண்ணையே மூடிக்கொண்டாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருந்த ஈச்சங்குப்பத்தில் ஏரிக்குள் யாரும் நினைத்த நாளில் வலை கட்டிவிட முடியாது. அதற்கு முறை உண்டு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர்.

வீட்டுக்கு ஒரு பனஞ்சில்லு. அதில் ஒரு வீட்டுக்குத் துடுப்பு, ஒரு வீட்டுக்கு மீன், ஒரு வீட்டுக்கு நங்கூரம் என்று செதுக்கியிருக்கும். அதுதான் குறி. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் குறியையும் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். முதலில் வருகிற வீட்டுக்கு முதல் நாள், அடுத்து வருகிற வீட்டுக்கு அடுத்த நாள். ஒரு சுற்று முடிந்தால் மறுபடி முதல் வீடு.

குடத்தில் குறி இல்லாத வீட்டுக்கு ஏரியில் நாள் இல்லை. நாள் இல்லாத வீட்டில் அடுப்பு எரியாது. அவ்வளவுதான் கணக்கு.

ஆடி மாதம் வந்த காய்ச்சலில் குணசுந்தரி நைனா என்று கூப்பிடும் அப்பா கலியன் போய்விட்டார். தைக்குள் அவர் குறியும் குடத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது. அது இப்போது ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் முனிகிருஷ்ணனின் பாய் ஓரத்தில், வேண்டாத செருப்பு மாதிரி கிடந்தது.

முனிகிருஷ்ணன் கோபப்படவில்லை. அவர் கோபப்பட மாட்டார். சிரித்த முகத்தோடு கழுத்தை அறுக்கிற ஆள்.

"கண்ணு, பாடுன்றது தலப்பா கட்டுன ஆம்பளைக்கு. உங்க ஊட்டுல தலப்பா ஏது?"

"நைனா தலப்பா பொட்டியில இருக்குது பெரியப்பா."

"தலப்பா இருந்தா ஆச்சா? உள்ள ஒரு தலை இருக்க வோணாமா?"

"எனக்கும் தலை இருக்குதே."

"அதுல சடை இருக்குதும்மே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குணசுந்தரிக்குக் காது சூடானது. அவள் விரலை நீட்டினாள்.

"உங்க சின்னவனுக்குப் பத்து வயசுதான் ஆவுது. நேத்து எங்கூட கோலி ஆடித் தோத்தான். இன்னிக்கு அவனுக்குத் தலப்பா கட்டி, எங்க எடத்துல, உங்க ஊட்டுக்கு ரெண்டாவதா, அவன் குறியப் போட்டுட்டீங்க. தோ பாருங்க, தலப்பா சரிஞ்சு கண்ணை மறைச்சுக்கினு நிக்கிறான். அவனுக்கு ஏரி எந்தப் பக்கம்னே தெரியல!"

இப்போது சிரித்தவர்கள் முனிகிருஷ்ணனைப் பார்க்காமல் மணலைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எல்லோருக்கும் விஷயம் தெரியும். முன்பெல்லாம் இறாலை யாரும் மதிக்கவில்லை. மிஞ்சியதை உரத்துக்குக் கொட்டினார்கள். இப்போதோ ஐஸ் ஏற்றிய லாரிகள் எளாவூர் வழியாக வந்து, கரையிலேயே நின்று, இறாலை அள்ளிக்கொண்டு கப்பலுக்கு அனுப்பின. இறாலுக்கு விலை வந்ததும், பத்து வயதுப் பையனுக்குத் தலைப்பாகை வந்துவிட்டது.

முனிகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார்.

"சரிம்மே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த ஏரி உண்டான நாளா, ஒரு பொம்பள பாடு எறங்கிக்கீறாளா? ஒருத்தி பேரைச் சொல்லு. சாட்சியோட சொல்லு. சொன்னீன்னா, அம்மன் மேல ஆணை, உங்க குறியக் கொடத்துல போட்டுடறேன். வர்ற வெள்ளிக்கிழமதான் குலுக்கறது. அதுவரைக்கும் உனுக்கு டைமு."

அப்படி ஒருத்தி இருக்கவே முடியாது என்கிற தைரியம் அவருக்கு. கூட்டம் மறுபடி சிரித்தது.

"வெள்ளிக்கிழம வரேன்," என்றாள் குணசுந்தரி.

வீட்டுக்கு வந்ததும் முதுகில் இரண்டு விழுந்தது. அடித்த அம்மாவே உட்கார்ந்து அழுதாள்.

"சும்மா இருந்திருந்தா பாவம்னு நாலு மீனாச்சும் போட்டிருப்பாங்க. அதையும் கெடுத்துட்டியேடி."

அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் குணசுந்தரி கேட்டாள்: "அம்மா, நைனா ஊட்டுல முன்னாடி எந்தப் பொம்பளையாச்சும் பாடு எறங்குனாங்களா?"

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

"கேக்காத."

"ஏன்?"

"நான் கல்யாணமாகி வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க. இந்த ஊட்டுல ஒருத்தி பேரை மட்டும் எடுக்கக் கூடாதுன்னு."

"எந்தப் பேரை?"

"அது தெரியாது. எந்தப் பேருன்னு சொன்னாத்தானே?"

"பேரே தெரியாம எப்பிடிம்மா எடுக்காம இருந்தே?"

"அதான் பதினஞ்சு வருசமா எந்தப் பேரையும் எடுக்காம கம்முனு கெடக்கறேன்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே முந்தானையால் துடைத்துக்கொண்டாள், கண்ணீரையும் சிரிப்பையும் சேர்த்து.

ஆக, ஒருத்தி இருந்திருக்கிறாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் குணசுந்தரி வீடு வீடாகப் போனாள். "எங்க வம்சத்துல பேர் எடுக்கக் கூடாத ஒருத்தி இருந்தாங்களாமே, யாரு?" என்று மரியாதையாகக் கேட்டாள். ஒருவர் வலையைப் பார்த்தார். ஒருவர் வானத்தைப் பார்த்தார். டீக்கடை துளசிராமன், "பன்னு துன்றியா?" என்றார். பதில் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

சோர்ந்துபோய்த் தண்ணீருக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். அங்கே பச்சையம்மா அத்தை நின்றிருந்தாள்.

பச்சையம்மா, பெரியதனக்காரரின் அக்கா. அவள் வாயைத் திறந்தால் கரையில் காயும் கருவாட்டைத் தின்ன வந்த காக்கையெல்லாம் பறந்துவிடும். அதனால் கருவாடு காய வைக்கிறவர்கள் அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கப் போட்டி போடுவார்கள்.

"வந்துட்டா பாரு, பாடு கேக்க வந்தவ! தள்ளிப் போடி, கஞ்சித்தொட்டிப் பரம்பரை!"

குணசுந்தரி தள்ளிப் போகவில்லை. அப்படியே நின்றாள்.

கஞ்சித்தொட்டி. பிறந்ததிலிருந்து கேட்கிற வசவு. கிணற்றடியில், கரையில், நண்டுக்குச் சண்டை வந்தால், நாய்க்குச் சண்டை வந்தால், அவர்கள் வீட்டை எல்லோரும் அப்படித்தான் திட்டுவார்கள். மற்ற வீட்டை யாரும் அப்படித் திட்டியதில்லை. எந்தக் கஞ்சி, எந்தத் தொட்டி என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

மரியாதையாகக் கேட்டால் வாயைத் தைத்துக்கொள்கிற ஊர் இது. ஆனால் கோபம் வந்தால்?

குணசுந்தரி தன் குடத்தைத் தூக்கி, பச்சையம்மாவின் குடத்தின் மேல் 'ணங்' என்று இடித்தாள்.

"ஐயோ! ஒடுக்கிட்டாளே! கண்ணு அவிஞ்சா பூச்சு உனுக்கு? கஞ்சித்தொட்டியில கைய உட்டுத் துன்ன வம்சத்துக்கு இன்னா திமிரு!"

"எந்தத் தொட்டி அத்த?"

"எந்தத் தொட்டியா? பட்டணத்துத் தொட்டிடி! தாது வருசத்துப் பஞ்சத்துல ஊரே பட்டினி கெடந்து மானத்தோட செத்துது. உங்க கொள்ளுப்பாட்டி மட்டும் புருசனைப் பொதைச்ச கையோட, இடுப்புல கைப்புள்ளையத் தூக்கிக்கினு பட்டணத்துக்கு நடந்தா. அங்க கால்வா வெட்டற எடத்துல மண்ணு சொமந்து, கண்ட கண்ட சனத்தோட ஒரே வரிசையில குந்தி, சர்க்கார் ஊத்துன கஞ்சியக் குடிச்சுட்டு வந்தா. தூ!"

"எத்தினி நாளு சொமந்தாங்க?"

"ஒரு வருசம்!" என்று கத்திவிட்டு, பச்சையம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. திட்டு வாங்குகிறவள் அழ வேண்டும், இல்லை திருப்பித் திட்ட வேண்டும். இவள் பாவாடை மடிப்பிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி எழுதற?"

"நீங்க சொல்றதத்தான் அத்த. வரிசையில குந்தி... அப்பறம்?"

பச்சையம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் விக்டோரியா டீச்சரிடம் நோட்டை நீட்டினாள். டீச்சர் மூன்று மைல் சைக்கிள் மிதித்து வருகிறவர். வேர்வையைத் துடைத்துக்கொண்டே படித்தார்.

"தாது வருஷம்னா ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தாறு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கொடும் பஞ்சம். அப்போ மெட்ராஸ்ல அடையாத்துக்கும் கூவத்துக்கும் நடுவுல கால்வாய் வெட்டினாங்க. வெட்டினது பூராவும் பஞ்சத்துல பொழைக்க வந்த ஜனங்கதான். நம்ம ஏரி வழியா விறகுப் படகு போகுதே, அதே கால்வாய்தான்."

"நம்ம புஸ்தகத்துல இருக்குதா டீச்சர்?"

டீச்சர் தேடி எடுத்தார். ஒரே ஒரு வரி இருந்தது. பஞ்சம் ஏற்பட்டது, அரசு நிவாரணப் பணிகளைத் தொடங்கியது.

"மண்ணு சொமந்தவங்க யாருன்னு போடலையே?"

"அரசாங்கம்தான் சுமந்திருக்கும் போல," என்றார் டீச்சர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் புதிதாகச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இறால் லாரி சேற்றில் புதைகிறதாம், அதனால் கரை வரைக்கும் தார் ரோடு. வெயிலில் வரிசையாகப் பெண்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கூடையைக் கவிழ்த்துவிட்டு வெறுங்கூடையைத் தலைகீழாகத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

குணசுந்தரி நின்றுவிட்டாள். அந்த உருவத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அரை வட்டம். அடியில் தடித்த விளிம்பு. இரண்டு பக்கமும் பிடிக்கிற காது. இது நைனாவின் குறி! ஊரில் அதை நண்டு என்று சொல்வார்கள். நைனாவும் நண்டு என்றுதான் சொன்னார். நண்டுக்கு ஏன் கால் இல்லை என்று சின்ன வயதில் அவள் கேட்டபோது, "அது சோம்பேறி நண்டு, உன்ன மாரி" என்று சிரித்தார்.

மீன் பிடிக்கிறவன் மீன் போடுகிற பறியைச் செதுக்குவான். மண்கூடையைச் செதுக்க மாட்டான். மண் சுமந்தவள்தான் செதுக்குவாள்.

ஆனால் பேர் வேண்டும். பேரும் சாட்சியும் இல்லாமல் கூடையைக் காட்டி என்ன பயன்?

புதன்கிழமை காலை பச்சையம்மா கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். குணசுந்தரி போய் எதிரே நின்றாள்.

"அத்த, அன்னிக்குப் பாதியிலயே நிறுத்திட்டீங்க."

"எத?"

"எங்களத் திட்டுனத. பட்டணத்துலேர்ந்து திரும்பி வந்தாங்க. அப்பறம் இன்னா பண்ணாங்க?"

அவ்வளவுதான். பச்சையம்மா கையிலிருந்த கருவாட்டை வீசியே விட்டாள்.

"இன்னா நெஞ்சழுத்தம்டி உனுக்கு! அப்பிடியே அந்தக் குப்பாயி மாரியே வந்து பொறந்திருக்குது பாரு!"

குணசுந்தரி நோட்டை எடுத்தாள். குப்பாயி.

"ஆமாண்டி, குப்பாயி! நல்லா எழுதிக்க! பேரை எடுக்காத எடுக்காதன்னு எங்க அப்பன் அடிச்சு அடிச்சு வளத்தான். வாய் தவறி வந்துடிச்சு. வந்தது வந்துடிச்சு! மழை பெஞ்சு ஏரியில மீனு வந்துது. எறங்க ஆம்பள இல்ல. பாதிப் பேரு காலராவுல பூட்டான், மிச்சம் பாதிப் பேரு எழுந்து நிக்கத் தெம்பில்லாம கெடந்தான். இவ இன்னா பண்ணா? சீலைய வரிஞ்சு கட்டிக்கினு, யாரையும் ஒரு வார்த்த கேக்காம, பனஞ்சில்லுல தன் குறியத் தானே செதுக்கிக் கொடத்துல போட்டுட்டு, பாடு எறங்கிட்டா! ரெண்டு வருசம் வலை கட்டுனா. வெக்கம் கெட்டவ! அவ புடிச்ச மீனை..."

நின்றாள்.

"அவங்க புடிச்ச மீனை?"

பச்சையம்மா கருவாட்டைப் புரட்டினாள். புரட்டியதையே மறுபடி புரட்டினாள்.

"ஊரு பூரா துன்னுது," என்றாள், குரல் இறங்கி. "எங்க பாட்டன் அப்போ நாலு வயசுப் பையன். குப்பாயி வாசல்ல போட்டுட்டுப் போன மீனைத் துன்னுதான் அவன் பொழச்சான்."

"நல்லதுதானே செஞ்சாங்க? அப்பறம் ஏன் பேரை எடுக்கக் கூடாது?"

"ஆம்பளைங்க தேறி எழுந்தாங்க இல்ல? 'சரி, நீ கரை ஏறு'ன்னாங்க. ஏறிட்டா. இடுப்பளவுத் தண்ணியில குனிஞ்சு, கையால இறால் தடவி, புள்ளைய வளத்தா. அந்தப் புள்ள பெரிசாகித் தலப்பா கட்டப் போனப்போ ஊரு கேட்டுது. கஞ்சித்தொட்டியில துன்னவ புள்ளைக்கு எப்பிடிடா பாடுன்னு. அவன் கங்கம்மா வாசல்ல சத்தியம் பண்ணான். இனிமே அவள அம்மான்னு கூப்பிட மாட்டேன், அவ பேரை எங்க ஊட்டுல எவனும் எடுக்க மாட்டான்னு."

"அவங்க செத்த பொறவா?"

"உசுரோட பக்கத்துல நிக்கறப்போ. அப்பறம் பத்து வருசம் அதே ஊட்டுல, பேரில்லாம, 'ஏ'ன்னு கூப்பிட்டா திரும்பற ஆளா இருந்துட்டுச் செத்தா."

குணசுந்தரி இதை நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவில்லை.

தலைப்பாகை கட்டிய அந்தப் பிள்ளை அவளுடைய தாத்தா. பேரை மறந்தவர் குறியை மட்டும் மறக்கவில்லை. அம்மாவின் பேர் அசிங்கம். அம்மா செதுக்கிய சில்லு வேண்டும். அதற்கு நண்டு என்று புதுப் பேர் வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம சாட்சி சொல்லுவீங்களா அத்த?"

"போடி இங்கேர்ந்து! என் தம்பிக்கு எதிரா நானா?" பச்சையம்மா மறுபடி பழைய குரலுக்கு வந்துவிட்டாள். "கஞ்சித்தொட்டி!"

வெள்ளிக்கிழமை காலை. குடத்துக்கு மஞ்சள் பூசிப் பூச்சுற்றி வைத்திருந்தார்கள். குலுக்குகிற வரதன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

குணசுந்தரி முன்னால் வந்து நின்றாள்.

"பேரு குப்பாயி," என்றாள். "எங்க நைனாவோட அப்பாவைப் பெத்தவங்க. தாது வருசத்துப் பஞ்சத்துல பட்டணத்துல கால்வா வெட்டுனாங்க. திரும்பி வந்து ரெண்டு வருசம் இந்த ஏரியில பாடு எறங்குனாங்க. சாட்சி, பச்சையம்மா அத்த."

குப்பாயி என்ற பேர் அந்த வாசலில் எண்பது வருஷம் கழித்து ஒலித்தது. வயதானவர்கள் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முனிகிருஷ்ணன் சிரிப்பை விடவில்லை. "எங்க அக்காவா? அது கோவத்துல ஆயிரம் பேசும். வாயில வர்றது பூரா பொய்யி."

"இன்னாடா சொன்னே?"

பனைமரத்துப் பக்கமிருந்து வந்தது குரல். காக்கைகள் பறந்தன.

"நானாடா பொய் பேசறவ? என் வாயில வசவு வரும், பொய் வராது! குப்பாயி எறங்குனாடா! நம்ம பாட்டன் அவ மீனைத் துன்னு பொழச்சவன்டா! அவ எறங்கலன்னா நீ ஏது, உன் தலப்பா ஏது?"

குணசுந்தரி பாய் ஓரத்துச் சில்லைக் காட்டினாள்.

"இதை நண்டுன்றீங்களே, கால் எங்க? தோ, ரோட்டுல மண்ணு சொமக்கறாங்களே, அந்தக் கூடையப் பாத்துட்டு வந்து இதைப் பாருங்க."

வரதன் சில்லை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மண்கூடைதான்," என்றார் மெதுவாக. "இத்தினி வருசமா நண்டுன்னு நெனச்சுத்தான் குலுக்கிக்கினு இருந்தேன்."

எல்லோரும் முனிகிருஷ்ணனைப் பார்த்தார்கள். அவர் ஆணை இட்டிருந்தார், அம்மன் மேல்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்து, உதறி, நிதானமாக மறுபடி கட்டினார்.

"சரி. ஒத்துக்கறேன். எறங்குனா. ஆனா அது பஞ்ச காலம். ஊருக்கு அன்னிக்கு வேற வழி இல்ல. இப்போ இன்னா பஞ்சமா இருக்குது?"

"எங்க ஊட்டுல இருக்குது!"

எல்லோரும் திரும்பினார்கள். சொன்னவள் குப்பம்மாள். பதினைந்து வருஷமாக எந்தப் பேரையும் எடுக்காதவள்.

"ஆணை இட்டீங்களே பெரியப்பா?" என்றாள் குணசுந்தரி.

"ஊரு நன்மைக்காக ஆணைய மீறலாம் கண்ணு. ஒரு தேங்கா ஒடைச்சா அம்மன் மன்னிச்சுடும். இன்னிக்கு உனக்குக் குடுத்தா, நாளைக்கு ஊர்ல இருக்கற பொம்பள எல்லாம் வருவா. இறாலு விக்கற வெலையில அது ஆவறதா?" அவர் குரலைக் குழைத்தார். "உங்களை உட்டுடுவோமா? எந்த ஊட்டு மொறையோ அந்த ஊட்டுக்காரரு தெனம் ஒரு கூடை மீனு குடுப்பாரு. வாசல்ல வந்து நின்னு வாங்கிக்குங்க."

"தெனம் வரிசையில நின்னா?"

"ஆமா கண்ணு."

"கஞ்சித்தொட்டி மாரி?"

முப்பது பேரும் நல்லவர்கள்தான். கலியன் செத்தபோது தோள் கொடுத்தவர்கள்தான். இப்போது ஒவ்வொருவரும் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. குணசுந்தரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி முகம்வரை பார்த்தாள்.

"நான்தான் தப்புப் பண்ணிட்டேன், பெரியப்பா."

"அப்பிடிச் சொல்லு! அறிவுள்ள புள்ள," என்றார் முனிகிருஷ்ணன்.

"குப்பாயி யாரையும் கேக்கல. நான் உங்களைக் கேட்டேன். அதான் தப்பு."

வரதன் நீட்டிய சில்லை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"கொடத்தக் குலுக்குங்க. உங்க சின்னவனுக்கு எந்த நாள் விழுதோ, அதுதான் எங்க ஊட்டு நாள். மத்தவங்க மொறையில ஒரு இறாலக்கூடத் தொட மாட்டோம். ஆனா அந்த நாள்ல, விடியறப்போ, நானும் எங்கம்மாவும் தண்ணியில எறங்கி வலை கட்டுவோம். தடுக்கறவங்க வந்து தடுங்க. நீங்க வாங்க, இல்லன்னா அந்தத் தலப்பாவ அனுப்புங்க."

ஆண்கள் கூடியிருக்கும்போது பெண்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கமாகத்தான் போக வேண்டும். எல்லாப் பெண்களும் அப்படித்தான் போவார்கள். குணசுந்தரி சுற்றவில்லை. உட்கார்ந்திருந்தவர்களின் நடுவில் நேராக நடந்தாள். முதல் ஆள் கால் மடக்கினார். அடுத்தவர் நகர்ந்தார். மணலில் ஒரு வழி உண்டானது.

பனைமரத்தடியில் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

பின்னால் குடம் குலுங்கும் சத்தம் கேட்டது. எந்த நாள் வந்தால் என்ன? நைனாவின் வலையில் நாலு கிழிசல் இருந்தது. இன்று பொழுது சாய்வதற்குள் இரண்டையாவது தைத்துவிடலாம்.